டாட்டிங் லேஸ்: ஷட்டில் பிடிப்பதிலிருந்து துணியில் தைப்பது வரை

டாட்டிங் என்பது ஷட்டில் என்ற சிறு கருவியால் நூலில் முடிச்சுகள் போட்டு லேஸ் செய்யும் கைவேலை. அதில் இருப்பது ஒரே ஒரு முடிச்சு. அதை வரிசையாகப் போட்டு வளையமாகச் சுருக்கலாம், வில்லாக வளைக்கலாம், இடையிடையே சின்னக் கண்ணி விடலாம், ஒரு வளையத்தை இன்னொன்றோடு கோக்கலாம். கைக்குட்டை ஓரமோ காலரோ மேசை விரிப்போ, எல்லாம் இதற்குள் அடக்கம். ஆனால் அந்த ஒரு முடிச்சு ஆரம்பத்தில் ஆளை ஆட்டிவைத்துவிடும். படத்தில் உள்ளபடியே போட்டிருப்பீர்கள், பார்வைக்கும் சரியாகவே இருக்கும், வளையத்தைச் சுருக்க நூலை இழுத்தால் மட்டும் அசையாது. டாட்டிங் பழக வந்தவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் இந்த வழிகாட்டியில் முடிச்சுக்குத்தான் அதிக இடம். அது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே வந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

முதலில் ஷட்டில். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு நீள்வட்டத் தகடுகள், நடுவில் ஒரு சிறு தூணால் இணைந்திருக்கும். பொதுவாக ஆறேழு சென்டிமீட்டர் நீளம். இரு முனைகளிலும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், நூல் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நூலைச் சுற்றியபின் நுனியைப் பிடித்து ஷட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்படியே நின்றால் நல்ல ஷட்டில். சரசரவென்று பிரிந்து கீழே போனால் முனைகள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம், வேலைக்கு நடுவில் உயிரை வாங்கும். பாபின் (நூல் சுற்றும் சிறு உருளை) வைத்த ஷட்டிலும் கிடைக்கிறது. அதில் நூல் மாற்றுவது சுலபம். இருந்தாலும் பழகுகிறவருக்குத் தூண் வகையையே சொல்வேன், முனையில் கூர்மையான மூக்கு இருந்தால் இன்னும் நல்லது.

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் சீமாட்டிகள் கையில் ஷட்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டாட்டிங் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஆல்பமார்ல் சீமாட்டி ஓவியத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஷட்டில் டாட்டிங்குக்குரியதைவிடப் பெரியது. நூலில் வெறும் முடிச்சுகளாகப் போட்டு, அந்த முடிச்சுநூலைத் துணிமேல் வைத்துத் தைக்கும் வேறொரு வேலைக்கானது. இன்று நாம் செய்யும் டாட்டிங் லேஸ் 19ஆம் நூற்றாண்டின் சரக்கு.

அடுத்தது நூல். இறுக்கமாக முறுக்கிய, வழவழப்பான, மெர்சரைஸ் செய்த (பதப்படுத்திப் பளபளப்பாக்கிய) பருத்தி நூல்தான் சரி. நூலின் எண் கூடக் கூட நூல் மெலியும். 10 தடிமன், 20 நடுத்தரம், 40 மெல்லியது, 80 தையல் நூலோடு போட்டி போடும். 10ஆம் எண்ணில் தொடங்கி, வளையங்கள் ஒரே அளவில் விழ ஆரம்பித்ததும் 20க்கு வாருங்கள். எம்பிராய்டரிக்கு வாங்கிய இழைநூலை எடுக்காதீர்கள், கொக்கி பட்டதும் இழை இழையாகப் பிரிந்துவிடும். கம்பளி நூல் மயிர்விட்டிருப்பதால் முடிச்சுக்குள் வழுக்காது. கறுப்பு நூலும் இப்போதைக்கு வேண்டாம், முடிச்சு எப்படி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இவை போக 0.6 அல்லது 0.75 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி ஒன்று, சின்னக் கத்தரிக்கோல், இரண்டு பேப்பர் கிளிப். பயிற்சிக்கென்று வேறு வேறு நிறத்தில் இரண்டு நூலுருண்டைகள் கட்டாயம் வேண்டும். ஒரே நிறத்தில் பழகுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுவதற்குச் சமம்.

ஷட்டிலில் சுற்றும்போது தூணில் உள்ள துளையில் நூலைக் கோத்து முடிந்துவிட்டு, தகடுகளின் விளிம்பைத் தாண்டாத அளவுக்குச் சுற்றுங்கள். விளிம்புக்கு வெளியே பிதுங்கினால் நூல் அழுக்காகும், விரலுக்கும் வழுக்கும்.

முடிச்சு

ஒரு இரட்டை முடிச்சில் இரண்டு பாதிகள் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கில் ஒன்று. பயணப்பெட்டியின் கைப்பிடியில் பெயர்ச்சீட்டுக் கயிற்றை மாட்டுகிறோமே, அதே முடிச்சுதான். நடுவில் ஒரு நூல் நேராக ஓடும், மற்றொரு நூல் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். டாட்டிங்கில் நேராக ஓட வேண்டியது ஷட்டில் நூல், சுற்றிப் பிடிக்க வேண்டியது இடது கையில் உள்ள நூல். வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் கையை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், நாம் கையால் ஆட்டுவது ஷட்டிலை. இயல்பாகவே ஷட்டில் நூல்தான் கைநூலைச் சுற்றும். அந்தச் சுற்றைக் கடைசி நொடியில் ஷட்டில் நூலிலிருந்து கைநூலுக்குத் தாவ வைக்க வேண்டும். டாட்டிங்கின் சூட்சுமம் முழுவதும் இந்தத் தாவலில்தான் இருக்கிறது.

ஷட்டிலில் நீல நூல், உருண்டையில் மஞ்சள் நூல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் நுனிகளையும் சேர்த்து முடிந்து, அந்த முடியை இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மஞ்சள் நூலை மற்ற விரல்களின் பின்புறமாகக் கொண்டுபோய்ச் சுண்டுவிரலில் இரண்டு சுற்று சுற்றுங்கள். நடுவிரலை உயர்த்தினால், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே மஞ்சள் நூல் விறைப்பாக நிற்கும். எல்லா வேலையும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நடக்கிறது. வலது கையில் ஷட்டிலைத் தட்டையாக, மூக்கு இடப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ஒரு சாண் நூலைத் தளர்த்தி விடுங்கள்.

முன்பாதி: நீல நூலை வலது கை விரல்களின் முதுகில் ஒரு கண்ணிபோலப் போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டிலை மஞ்சள் நூலுக்கு அடியில் இடப்பக்கமாகச் செலுத்துங்கள். பிறகு மஞ்சள் நூலுக்கு மேலாக, விரல் முதுகில் கிடக்கும் நீலக் கண்ணிக்குள் புகும்படி திரும்பக் கொண்டுவாருங்கள். ஷட்டிலைக் கையிலிருந்து விடவே கூடாது. போகும்போது ஷட்டிலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நூல் வழுக்கிப் போகும், வரும்போது கட்டைவிரல் பக்கமாக வழுக்கும். விரலை மெல்லத் தளர்த்தினால் போதும்.

இப்போது நீலம் மஞ்சளைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இங்கே நிறுத்தி நன்றாகப் பாருங்கள். அடுத்து நடுவிரலைத் தாழ்த்தி மஞ்சள் நூலை முழுவதும் தொய்வாக விடுங்கள். அதே வேளையில் ஷட்டிலை வலப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்து நீல நூலை நேராக்குங்கள். நீலம் கம்பிபோல நிமிர, சுற்றியிருந்த வளைவு சட்டென்று மஞ்சளுக்கு மாறிவிடும். நீல நூலின் மேல் ஒரு மஞ்சள் கண்ணி உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரியும். தாவல் அவ்வளவுதான். நீலத்தின் விறைப்பைக் கொஞ்சமும் விடாமல் நடுவிரலை மெதுவாக உயர்த்துங்கள். மஞ்சள் கண்ணி நீலத்தின் மேலேயே நகர்ந்து பிடி இருக்கும் இடத்துக்கு வந்து சேரும். வந்ததும் கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ளுங்கள்.

பின்பாதி: இம்முறை நீல நூலை விரல் முதுகில் போட வேண்டாம், கீழே தளர்வாகத் தொங்கட்டும். ஷட்டிலை மஞ்சள் நூலுக்கு மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், மஞ்சளுக்கு அடியில், தொங்கும் நீல நூலுக்கு மேலாகத் திரும்ப எடுங்கள். அதே தொய்வு, அதே இழுப்பு, அதே தாவல். முன்பாதியை ஒட்டிக் கொண்டுவந்து அமுக்குங்கள். இரண்டு கால்கள், அவற்றை மேலே இணைக்கும் ஒரு குறுக்குக்கோடு என்று ஒரு முழு முடிச்சு தெரியும்.

ஒவ்வொரு பாதி முடிந்ததும் ஷட்டில் நூலை லேசாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். முடிச்சுக்குள் நூல் ஓடினால் சரி. ஓடவில்லை என்றாலோ, மஞ்சள் முடிச்சுகளுக்கு நடுவே ஒரு நீலப் புடைப்பு தெரிந்தாலோ தாவல் நடக்கவில்லை. அடுத்த பாதியைப் போடுமுன் அதை ஊசியால் எடுத்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே நான்கு முடிச்சு போட்டுவிட்டால் ஐந்தையும் அவிழ்க்க வேண்டிவரும்.

தாவல் நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இடது கை. இழுக்கும் நொடியில் நடுவிரல் தளராமல் விறைத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, கண்ணியை நகர்த்தும்போது வலது கை தன்னையறியாமல் நீல நூலைத் தளர்த்திவிடும், தாவிய முடிச்சு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எவ்வளவு முயன்றாலும் பிடிபடவில்லை என்றால் ஷட்டிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு நிறத் தடிமனான கயிறுகளை எடுத்து மேசைமேல் இதையே செய்து பாருங்கள். கயிற்றில் அந்தப் புரளல் கண்ணுக்கு முன்னால் நடக்கும்போது விரல்களுக்கும் விஷயம் விளங்கிவிடும்.

பாதிகளை மாற்றி மாற்றித்தான் போட வேண்டும். ஒரே பாதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் வரிசை திருகிக்கொண்டு போகும். இதையே வேண்டுமென்று செய்து சுருக்கினால் உருண்டையான குட்டி அலங்காரம் கிடைக்கும், அதற்கு ஜோசஃபின் முடிச்சு என்று பெயர். அது பிறகு. இப்போதைக்கு வரிசை நேராக இருக்கட்டும்.

மஞ்சள்–நீலத்தில் ஒரு முழம் நீளத்துக்குப் போட்டுப் பழகுங்கள். கவனிக்காமலே தாவல் நடக்க ஆரம்பித்ததும் வளையத்துக்குப் போகலாம்.

வளையமும் பிக்கோவும்

வளையத்துக்கு ஷட்டில் நூல் மட்டும் போதும். நுனியில் ஒரு சாண் விட்டு இடது கையில் பிடித்து, நூலை விரல்களைச் சுற்றிக் கொண்டுவந்து அதே பிடிக்குள் செருகுங்கள். கையைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து ஷட்டிலுக்குப் போகும் நூல். வட்டத்தில் உள்ளது கைநூல். முடிச்சு போடும் முறையில் எந்த மாற்றமும் இல்லை.

முதல் வளையத்துக்கு 5 – 5 – 5 – 5 என்பது நல்ல கணக்கு. ஐந்து இரட்டை முடிச்சு, ஒரு பிக்கோ, மறுபடி ஐந்து என்று மொத்தம் இருபது முடிச்சும் மூன்று பிக்கோவும் வரும். பிக்கோ என்பது தனி முடிச்சு அல்ல. ஐந்தாவது முடிச்சுக்குப் பின் அடுத்த முடிச்சின் முன்பாதியை ஒட்டிக் கொண்டுவராமல் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள். பின்பாதியையும் அங்கேயே போட்டு முடித்து, பிறகு முழு முடிச்சையும் நகர்த்தி முந்தையதோடு சேருங்கள். இடையில் விட்ட நூல் மேலே வளைந்து கண்ணியாக நிற்கும். எவ்வளவு இடைவெளி விட்டீர்களோ அதில் ஏறக்குறைய பாதிதான் கண்ணியின் உயரம். பிக்கோவுக்குப் பின் வரும் அந்த முடிச்சு அடுத்த ஐந்தில் முதலாவது என்பதை மறக்காதீர்கள், எண்ணிக்கை பிசகுவது இங்கேதான். கண்ணிகள் ஒரே உயரத்தில் வர, வேண்டிய அகலத்துக்கு அட்டைத் துண்டு ஒன்றை வெட்டி இடைவெளியில் வைத்து அளந்துகொள்ளலாம்.

முடிச்சு சேரச் சேரக் கையைச் சுற்றிய வட்டம் குறுகிக்கொண்டே வரும். போட்ட முடிச்சுகளை விரலால் பிடித்துக்கொண்டு வட்டத்தின் கீழ்ப்பக்க நூலை இழுங்கள். ஷட்டில் நூல் முடிச்சுகளுக்குள் புகுந்து வந்து வட்டம் பெரிதாகும். எல்லாத் தாவலும் சரியாக நடந்திருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

இருபது முடிந்ததும் வட்டத்தைக் கையிலிருந்து கழற்றி, முடிச்சுகளை மெல்லப் பிடித்துக்கொண்டு ஷட்டில் நூலை இழுங்கள். முதல் முடிச்சும் கடைசி முடிச்சும் தொட்டுக்கொள்ளும்வரை இழுத்தால் போதும். மேலும் இறுக்கினால் வளையம் கூம்பிவிடும்.

இணைப்பு

ஆரம்பக் காலத்தில் வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, பின்னால் ஊசிநூலால் சேர்த்துக் கட்டினார்கள். கைவேலைப் புத்தகங்கள் எழுதிய ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் 1850இல் டாட்டிங் மாதிரிகளை அச்சில் வெளியிட்டார். அதையொட்டிய காலத்தில்தான் வேலை நடக்கும்போதே பிக்கோ வழியாகக் கோக்கும் முறை பரவியது. அதற்குப் பிறகே டாட்டிங் பெரிய விரிப்புகளுக்குத் துணிந்தது.

செய்முறை இதுதான். இரண்டாவது வளையத்தில் ஐந்து முடிச்சு போட்டதும், முதல் வளையத்தின் கடைசி பிக்கோவைக் கைநூலின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். குரோஷா ஊசியையோ ஷட்டிலின் மூக்கையோ பிக்கோவுக்குள் மேலிருந்து விட்டு, அடியில் உள்ள கைநூலைக் கொக்கியில் பிடித்து ஒரு கண்ணியாக வெளியே இழுங்கள். அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலை நுழைத்து எடுத்து, ஷட்டில் நூலை விறைப்பாக வைத்துக்கொண்டு நடுவிரலை உயர்த்துங்கள். கண்ணி கீழே இறங்கிப் படியும். ஷட்டில் நூல் இப்போதும் ஓடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். இந்த இணைப்பை முடிச்சாக எண்ணாமல், அடுத்த முழு முடிச்சிலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்குங்கள். சில மாதிரிகளில் இணைப்பையே முன்பாதியாகக் கணக்கிடுவார்கள். எந்த முறையானாலும் ஒரு வேலைக்குள் மாற்றக் கூடாது.

சங்கிலி

வளையங்களை மட்டும் வைத்து ஓரம் செய்தால் வளையங்களுக்கு இடையே வெறும் நூல் ஓடும். அந்த இடத்தை முடிச்சுகளால் மூடுவதுதான் சங்கிலி. இதற்கு ஷட்டிலோடு உருண்டையும் வேண்டும். நீங்கள் மஞ்சள்–நீலத்தில் பழகியதே சங்கிலிதான். வளையம் முடிந்ததும் வேலையைத் தலைகீழாகத் திருப்பி, வளையத்தின் அடியைப் பிடித்து, உருண்டை நூலை விரல்களின் மேல் போட்டுச் சுண்டுவிரலில் சுற்றி, வளையத்தை ஒட்டி இடைவெளி இல்லாமல் முடிச்சு போடத் தொடங்குங்கள். முடிந்ததும் ஷட்டில் நூலை லேசாக இழுத்து வில்லாக வளைத்துவிட்டு, மறுபடி திருப்பி அடுத்த வளையத்துக்குப் போகலாம்.

உருண்டையிலிருந்து நூலை அறுக்காமலே ஷட்டிலில் சுற்றிவிட்டால், ஷட்டிலும் உருண்டையும் ஒரே நூலால் இணைந்திருக்கும். நடுவில் முடியும் வராது, மறைக்க வேண்டிய நுனியும் மிஞ்சாது.

முதல் ஓரம்

இவ்வளவும் வந்துவிட்டால் ஒரு நேர் ஓரத்தைத் தொடங்கிவிடலாம். வளையம்: 5 – 5 – 5 – 5, சுருக்கு. திருப்பு. சங்கிலி: 5 – 5. திருப்பு. அடுத்த வளையம்: 5, முந்தைய வளையத்தின் கடைசி பிக்கோவில் இணைப்பு, 5 – 5 – 5, சுருக்கு. திருப்பி மறுபடி சங்கிலி. இதையே வேண்டிய நீளத்துக்குத் தொடருங்கள். வளையங்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரு பக்கமும், சங்கிலி விற்கள் மறுபக்கமும் வரும். சங்கிலி நடுவில் உள்ள பிக்கோ துணியில் தைப்பதற்கு என்பதால் அதைச் சிறிதாகவே விடுங்கள்.

அச்சு மாதிரிகளில் இதே விஷயம் ஆங்கிலச் சுருக்கக் குறிகளில் இருக்கும். ஆர் என்றால் வளையம், சிஎச் என்றால் சங்கிலி, டிஎஸ் என்றால் இரட்டை முடிச்சு. எண்களுக்கு நடுவே உள்ள சிறுகோடு அல்லது பி என்ற எழுத்து பிக்கோ, கூட்டல் குறி இணைப்பு, ஆர்டபிள்யூ என்றால் வேலையைத் திருப்பு.

எவ்வளவு நூல் பிடிக்கும் என்பது கைக்குக் கை மாறும். ஒரு மீட்டர் நூலை மட்டும் ஷட்டிலில் சுற்றி, அதில் எத்தனை வளையம் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். நடுவில் நூல் தீர்ந்தால், புது நூலை வளையத்துக்கும் சங்கிலிக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் முடிய வேண்டும். வளையத்துக்குள் முடிந்தால் அந்த முடி உள்ளே ஓடாது, வளையம் சுருங்காது. ஷட்டிலில் மிச்சம் குறைவாகத் தெரிந்தால் புது வளையம் தொடங்காமல் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

தப்பை அவிழ்ப்பதும் நுனியை மறைப்பதும்

டாட்டிங் லேஸ் உழைக்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் குரோஷாபோல ஓடிப் பிரியாது, ஒவ்வொரு முடிச்சும் தன் இடத்தில் இறுகி நிற்கும். இதே குணம்தான் அவிழ்க்கும்போது எதிரியாக நிற்கிறது. சுருக்காத வளையம் என்றால் மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு பாதியாக எடுத்துவிடலாம். சுருக்கிய வளையத்தைத் திறக்கக் கடைசி பிக்கோவைத் தேடுங்கள். அதன் இருபுறமும் உள்ள முடிச்சுகளை நகத்தால் விலக்கினால் உள்ளே ஓடும் நூல் தெரியும். அதை ஊசிமுனையால் மெல்ல வெளியே இழுத்தால் வளையம் நெகிழ்ந்து கொடுக்கும். பிக்கோவே இல்லாத வளையமாக இருந்தால் அறுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நேர மிச்சம்.

தொடக்க நுனியை முதல் மூன்று நான்கு முடிச்சுகளுக்குள் ஷட்டில் நூலோடு சேர்த்து வைத்துக்கொண்டே போட்டால் அது உள்ளேயே மறைந்துவிடும். இறுதி நுனிக்கு ஒரு தந்திரம் உண்டு. கடைசிச் சங்கிலியின் ஐந்தாறு முடிச்சுகளைப் போடும்போது, இரண்டாக மடித்த மெல்லிய தையல் நூலை உள்ளே வைத்து, மடிப்புக் கண்ணி சங்கிலியின் முடிவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி போடுங்கள். எல்லாம் முடிந்து நுனிகளை இறுக்கி முடிந்தபின், மறைக்க வேண்டிய நுனியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, தையல் நூலின் மறுமுனைகளை இழுத்தால் நுனி முடிச்சுகளுக்குள் புகுந்துவிடும். பசை வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இடம் விறைத்துப் பின்னால் பழுப்பேறும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

ஷட்டிலுக்குப் பதில் நீண்ட ஊசியில் டாட்டிங் செய்யும் முறையும் இருக்கிறது. முடிச்சுகளை ஊசிமேல் ஏற்றி, கடைசியில் நூலை ஊடே இழுப்பார்கள், தாவல் தேவையே இல்லை. லேஸ் சற்றுத் தளர்வாக வரும். ஷட்டில் எவ்வளவு பழகியும் கைகூடாதவர்கள் தயங்காமல் அந்தப் பக்கம் போகலாம்.

துவைத்து, விரித்து, தைப்பது

கையிலிருந்து இறங்கியதும் லேஸ் கசங்கித் திருகித்தான் இருக்கும், அதைப் பார்த்துச் சோர வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பு போட்டு அலசி, பிழியாமல் துண்டுக்குள் வைத்து அமுக்கி ஈரத்தை எடுங்கள். தடித்த விரிப்பின்மேல் பரப்பி, ஒவ்வொரு பிக்கோவையும் விரலால் இழுத்து நிமிர்த்தி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் குத்திக் காயவிடுங்கள். விறைப்பு வேண்டுமென்றால் நீர்த்த கஞ்சி தெளிக்கலாம். இஸ்திரி போடுவதாக இருந்தால் பின்பக்கத்தில், மேலே ஒரு துணி வைத்து, அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

தைக்குமுன் துணியையும் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் துணி மட்டும் சுருங்கி லேஸ் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். லேஸின் நிறத்திலேயே மெல்லிய நூல் எடுத்து, ஒவ்வொரு சங்கிலி பிக்கோவையும் துணி ஓரத்தோடு இரண்டு தையலில் பிடித்து, அடுத்த பிக்கோவரை ஊசியைத் துணி மடிப்புக்குள்ளேயே ஓட்டிக் கொண்டுபோங்கள். லேஸை இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது. நான்கு பக்கமும் சுற்றி வருவதாக இருந்தால், மூலைக்கு வரும் இடத்தில் இரண்டு மூன்று சங்கிலிகளை 5 – 5ஐவிடக் குறைந்த முடிச்சுகளில் போட்டு, துணியோரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள்.